கியர் பாக்ஸில் ஊற்றிய மரியாதை

என் கல்யாணச் சீரில் ஒரு கார் இருந்தது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மண்டபத்தில் கட்டில், பீரோ, கிரைண்டர் என்று வரிசையாகப் பரப்பி வைத்து, கடைசியாக வெளியே இந்த வெள்ளைக் காரை நிறுத்தியிருந்தார்கள். கிரைண்டருக்கு வைத்த அதே அளவு சந்தனப் பொட்டு காருக்கும் வைத்திருந்தது. கார் யாருக்கு என்று யாரும் கேட்கவில்லை. எனக்குத்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன். பெருந்துறையில் அப்பாவின் எண்ணெய் மில்லில் ஜீப்பை ஓட்டிப் பழகி, லைசென்ஸும் வாங்கி வைத்திருந்தவள் நான். கிரைண்டரை மட்டும் எனக்கென்று நினைத்துக்கொள்ள வேண்டும் என்று அப்போது தெரியாது.

வாக்கப்பட்ட வீடு பீளமேட்டில். முன்னால் வீடு, பின்னால் பம்ப் செட் பட்டறை. மாமனாரை மாமா என்றும் மாமியாரை அத்தை என்றும் கூப்பிடுவேன். இருவரும் தங்கமான மனிதர்கள், அதில்தான் சிக்கலே. அந்த வீட்டில் யாரும் யாரிடமும் ‘வேண்டாம்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. மூன்றாவது தடவை சாம்பார் ஊற்ற வந்தால்கூட இலையைக் கையால் மறைக்க மாட்டார்கள். “இருக்கட்டுங்க, அப்பறம் பாத்துக்கலாமுங்க” என்பார்கள். அதற்குள் சாம்பார் விழுந்திருக்கும். விழுந்ததைச் சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும், ஊற்றியவர் மனசு நோகக் கூடாது பாருங்கள்.

மதுக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேதியியல் டீச்சர் வேலை கிடைத்தது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும் திங்கட்கிழமை, காலை மணி அடிப்பதற்குள் வந்து கையெழுத்துப் போட வேண்டும், தவறினால் வேலை பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதத்தில் கறாராக எழுதியிருந்தார்கள். பட்டியலில் அடுத்தவர் யார் என்றும் எனக்குத் தெரியும், என் கூடவே எம்.எஸ்ஸி. படித்தவள். அவள் கையில் அந்த வேலையைக் கொடுக்க எனக்கு மனசில்லை, இதில் ஒளிக்க என்ன இருக்கிறது.

கடிதத்தை மாமாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார்.

“தாராளமாப் போங்க அம்மணி. படிச்ச படிப்பு வீணாப் போகக் கூடாதுங்க. ஆனா பஸ்ல இடிபட்டுப் போறது நம்ம ஊட்டுக்குச் சரிப்படாது. நம்மகிட்டத்தான் காரு இருக்குதுங்களே. கியருதான் கொஞ்சம் கடுசா விழுகுது. அது சரியாகட்டும், நீங்களே ஓட்டீட்டுப் போலாம்.”

அப்போது பங்குனி. ஜூனுக்கு இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. ஒரு கியரைச் சரி செய்ய ஊரே பம்பும் மோட்டாருமாய் இருக்கும் கோயமுத்தூருக்கு இரண்டு மாதம் போதாதா என்று நான் நிம்மதியாக இருந்துவிட்டேன். ஊரே பம்பும் மோட்டாருமாய் இருந்ததுதான் ஆபத்து என்று பிறகுதான் புரிந்தது.

கியர் எப்படிக் கெட்டது என்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துக் காரில், இன்ஜினை விட்டால், எண்ணெய் ஊற்றும் பெட்டி இரண்டு. கியர் மாற்றும் கம்பிக்குக் கீழே கியர் பாக்ஸ். பின்னால் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவே பூசணிக்காய் மாதிரி உருண்டு நிற்பது டிஃபரென்ஷியல். எங்கள் மெக்கானிக்குகள் அதை ஹவுசிங் என்பார்கள். இரண்டுக்கும் வேறு வேறு எண்ணெய். காரோடு வந்த புத்தகத்தில் படம் போட்டே எழுதியிருந்தது: பின்னால் ஹவுசிங்குக்குக் கெட்டியான தொண்ணூறு நம்பர் கியர் ஆயில், முன்னால் கியர் பாக்ஸுக்கு இன்ஜினுக்கு ஊற்றுகிற அதே மெல்லிய ஆயில். அந்தப் புத்தகம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் டேஷ்போர்டுக்குள் கிடந்தது. மிஷினோடு வந்த புத்தகத்தைப் பிரித்துப் படித்தான் என்று வெளியே தெரிந்தால், அப்புறம் அவன் பட்டறையில் எவன் வேலைக்கு நிற்பான்?

கார் வந்த முதல் வாரமே மாமா கியர் பாக்ஸைத் திறக்கச் சொல்லி, விரலை விட்டு எண்ணெயைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்திருக்கிறார். “தண்ணியாட்ட இருக்குதே. கியர் பாக்ஸ்ல போயி இன்ஜின் ஆயிலை மாத்தி ஊத்தி வெச்சிருக்கறாங்க” என்று அவருக்குப் பரிதாபமாகப் போய்விட்டது. அந்த வீட்டில் தயிர் கெட்டியாக இருக்க வேண்டும், காப்பி கெட்டியாக இருக்க வேண்டும். எண்ணெய் மட்டும் இளைத்துக் கிடந்தால் எப்படி? அந்த நேரம் பார்த்து சங்ககிரியிலிருந்து பெரிய மாமா, அதாவது மாமாவின் அண்ணன், வந்திருந்தார். லாரி வைத்திருப்பவர். கையோடு ஒரு டப்பா, தொண்ணூறைவிடக் கெட்டியான நூற்றுநாற்பது நம்பர் ஆயில் கொண்டுவந்தார். திறந்தாலே பட்டாசு வெடித்த தெரு மாதிரி கந்தக வாடை.

“இதை ஊத்திக்கிட்டு என்ற லாரி பத்து டன் லோடோட தொப்பூர் ஏத்தம் ஏறுதுங்க. இந்த வண்டியெல்லாம் எம்மாத்திரம்” என்றார். ஊற்றினார்கள். முன்னாலும் ஊற்றினார்கள், பின்னாலும் ஊற்றினார்கள். இரண்டும் கியர்தானே.

ஒரே மாதத்தில் காலை நேரத்தில் கியர் கம்பி கல்லில் நட்ட கம்பி மாதிரி ஆனது. இரண்டாவது கியர் போட்டால் கர்ரென்று தெருவே திரும்பிப் பார்க்கும். கெட்டியாக இருக்கிறது போல, கொஞ்சம் இளக்கலாம் என்று பேச்சு வந்தது. பெரிய மாமா ஊற்றியதைக் கீழே விட்டுவிட்டு வேறு ஊற்றலாம் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ஊற்றிய எண்ணெயைக் கீழே விடுவது ஊற்றியவரை வீட்டை விட்டு வெளியே போகச் சொல்வதற்குச் சமம். அதனால் அதன் மேலேயே சின்ன மாமாவின் எண்ணெய் போனது. மாமாவின் தம்பியான அவர் நூல் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டர். மில்லில் நூல் சுற்றும் கதிர்களுக்கு விடும் மெல்லிய எண்ணெயை அரை லிட்டர் கொண்டுவந்து, “எங்க கதிரு நாளெல்லாம் சுத்துதுங்க. ஒரு சத்தம் வருதுங்களா?” என்று கேட்டார். வரவில்லைதான். நூலுக்கும் பல் சக்கரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் மனசு நோகும்.

கியர் பாக்ஸில் ஓர் அளவுக்கு மேல் எண்ணெய் பிடிக்காது. புது விருந்தாளிக்கு இடம் வேண்டுமானால் பழைய விருந்தாளி கொஞ்சம் நகர வேண்டும். அதை மெக்கானிக் அண்ணன் பார்த்துக்கொண்டார். பழையதில் அரை லிட்டரை யாரும் பார்க்காதபோது கீழே விட்டுவிட்டு, எல்லோரும் பார்க்கும்போது புதியதை ஊற்றுவார். தெருமுனையில் ஷெட் போட்டிருந்த அந்த மனுஷனுக்கு உண்மை தெரியும். முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனால் யார் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான்: “அதுவும் ஊத்தலாமுங்க.”

நான் ஒரு நாள் உறையைப் பிரித்துப் புத்தகத்தைப் படித்துவிட்டேன். அன்றைக்கே வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் பி.இ. மெக்கானிக்கல் படித்தவர், சொல்லப்போனால் ஃபர்ஸ்ட் கிளாஸ்.

“ஏனுங்க, கியர் பாக்ஸுக்கு இன்ஜின் ஆயில்தான் ஊத்தோணும்னு இதுல போட்டிருக்குதுங்க.”

“ஆமா. அதுல அதான் ஊத்தோணும்.”

“தெரியுமா உங்களுக்கு?”

“தெரியாம என்ன? அதையப் போயி அப்பாகிட்ட எப்படிச் சொல்றது?” என்று சொல்லிவிட்டு டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார். நாலு வருஷம் கல்லூரியில் இவருக்குக் கியர் நடத்திய வாத்தியாரை நினைத்து எனக்கு அழுகையே வந்தது.

அவரைச் சொல்லி என்ன பிரயோஜனம். என் முறை வந்தபோது நான் மட்டும் என்ன கிழித்தேன்? கியர் விஷயம் பெருந்துறைக்கு எட்டி, அப்பா எஸ்.டி.டி. போட்டுப் பேசினார். “சுத்தமான ஆமணக்கெண்ணெய் குடுத்துடறேன் கண்ணு. அந்தக் காலத்துல மாட்டு வண்டி அச்சுக்கு இதுதான்” என்றார். பஸ் கண்டக்டர் கையில் ஒரு பாட்டில் வந்து சேர்ந்தது. ஆமணக்கெண்ணெயும் பெட்ரோலிய எண்ணெயும் சரியாகக் கலக்காது, நாளாக ஆகப் பிசின் பிடிக்கும் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான். ஆனால் சங்ககிரி எண்ணெய்க்கு இடம் இருக்கிறது, மில் எண்ணெய்க்கு இடம் இருக்கிறது, என் பிறந்த வீட்டு எண்ணெய்க்கு மட்டும் இடமில்லையா? பாட்டிலை நானே எடுத்துப் போய், நின்று, முழுசாக ஊற்ற வைத்துவிட்டு வந்தேன். அன்று ராத்திரி எனக்கு என் மேலேயே கோபம் கோபமாக வந்தது. ரோஷத்துக்கு வேதியியல் தெரியாது.

மே மாதம் முடியும்போது இரண்டாவது கியர் விழவே மறுத்தது. மாமா தினமும் காலையில் காரைச் சுற்றி வந்து, “பாத்துக்கலாமுங்க அம்மணி, இன்னும் நாள் இருக்குது” என்பார். இருந்தது ஒன்பது நாள்.

பேசிப் பிரயோஜனமில்லை, கண்ணால் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். கியர் பாக்ஸுக்குள் பித்தளை வளையங்கள் உண்டு. கியர் மாற்றும்போது அந்த வளையம் கொஞ்சம் உராய்ந்து பிடித்தால்தான் பல் பல்லோடு சேரும். ஹவுசிங் எண்ணெயும் லாரி எண்ணெயும் பின்னால் உள்ள இரும்புக்கு நல்லது. அதில் உள்ள கந்தகம் பித்தளையில் இருக்கும் செம்பை அரிக்கும். அரிக்காவிட்டாலும் வழுக்கும். வளையம் எதையும் பிடிக்காமல் எல்லாவற்றுக்கும் வழுக்கிக்கொடுத்தால் கியர் எங்கே விழும்? எங்கள் வீட்டு ஆண்களைப் பார்த்தால் தெரியாதா?

பட்டறையில் மோட்டாருக்குச் சுற்றும் செம்புக் கம்பியில் இரண்டு துண்டு எடுத்து, மேல் பூச்சைச் சுரண்டி, மினுமினுவென்று தேய்த்தேன். இரண்டு கண்ணாடி பாட்டில். ஒன்றில் பெரிய மாமாவின் லாரி ஆயில், ஒன்றில் இன்ஜின் ஆயில். கம்பிகளை உள்ளே போட்டு, இரண்டு பாட்டிலையும் அத்தையின் இட்லிச் சட்டிக்குள் தண்ணீர் வைத்து நிறுத்தி அடுப்பைப் பற்ற வைத்தேன். அரை மணியில் வீடு முழுக்கத் தீபாவளி வாடை.

அத்தை முந்தானையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்தார். “என்ன கண்ணு வேகுது?”

“எண்ணெய்ங்க அத்தை. கியருக்கு.”

“வெந்துச்சுன்னா கியர் விழுமா?”

“இல்லீங்க. எதனால விழுகறதில்லைன்னு தெரியும்.”

அவர் சட்டியைப் பார்த்தார். “அது எனக்குக் கல்யாணத்துல குடுத்த இட்லிச் சட்டி” என்றார். திட்டவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மதியம் வரை தண்ணீர் சுண்டச் சுண்ட அவரேதான் ஊற்றிக்கொண்டிருந்தார். வெளியே எடுத்தபோது இன்ஜின் ஆயில் கம்பி புதுக் காசு மாதிரி இருந்தது. லாரி ஆயில் கம்பி கருகருவென்று கறுத்துப் போயிருந்தது. அத்தை இரண்டையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “அடப் பாவத்தே” என்றார். இனி அந்தச் சட்டியில் இட்லி அவிக்க முடியாது என்பதற்குச் சொன்னாரா, கம்பிக்குச் சொன்னாரா தெரியவில்லை.

பள்ளி திறப்பதற்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை, கியருக்கு ஒரு முடிவு கட்டிவிடலாம் என்று மாமா எல்லோரையும் வரச் சொல்லியிருந்தார். பெரிய மாமா, சின்ன மாமா, பெருந்துறையிலிருந்து என் அப்பா, கூப்பிட்டனுப்பிய மெக்கானிக் அண்ணன். முதலில் விருந்து. பிறகு வெற்றிலை. அதற்குப் பிறகு காரைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பொண்ணு பார்க்க வந்த மாதிரி ஒவ்வொருவராகக் காரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்கள்.

நான் இரண்டு கம்பியையும் ஒரு தட்டில் வைத்துக் கொண்டுபோய், நடந்ததைச் சொன்னேன். புத்தகத்தையும் பிரித்துக் காட்டினேன். அமைதியாகக் கேட்டார்கள். கம்பி கை மாறிக் கை மாறிப் போனது.

“அம்மணி நல்லாப் படிச்சிருக்குதுங்க” என்றார் பெரிய மாமா. கறுத்த கம்பி அவர் கையில்தான் இருந்தது.

“நெம்ப நல்லாச் சொல்லுச்சு” என்றார் சின்ன மாமா.

மாமாவுக்கு முகமெல்லாம் பெருமை. மெக்கானிக் பக்கம் திரும்பி, “அப்பறம் என்னங்க, அம்மணி சொன்ன ஆயிலும் ஒரு அரை லிட்டர் ஊத்திப்போடலாம்” என்றார்.

“அதுவும் ஊத்தலாமுங்க” என்றார் மெக்கானிக்.

எனக்குக் கால் பெருவிரலில் இருந்து சூடு ஏறியது. மூன்று மணி நேரம் இட்லிச் சட்டியில் வேகவைத்த உண்மை எனக்கு அரை லிட்டர் மரியாதையாகத் திரும்பி வந்தது. நானும் ஒரு சொந்தக்காரி, என் பங்குக்கும் கொஞ்சம். அவ்வளவுதான்.

“வேண்டாமுங்க மாமா” என்றேன். “உள்ள இருக்கறது அத்தனையும் கீழ விடோணும். ஒரு சொட்டு இருக்கக் கூடாது.”

வெற்றிலை மென்ற வாய்கள் நின்றுவிட்டன. என் வீட்டுக்காரர் டயரைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார், அதில் என்னமோ எழுதியிருந்த மாதிரி. பெரிய மாமாவின் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. பாவம், சங்ககிரியிலிருந்து ஆசையாகத் தூக்கி வந்த டப்பா. ஆனால் சொன்னதைத் திரும்ப எடுக்கவும் மனம் வரவில்லை.

அப்பாதான் முதலில் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “என்ற எண்ணெயும் அதுல இருக்குதுங்க சம்பந்தி” என்றார். “மொதல்ல அது கீழ போகட்டும். அம்மணி சொல்றது சரிதான்.”

மருமகள் சொல்லிக் கேட்டார்கள் என்று ஆகிவிடக் கூடாது; சம்பந்தி சொல்லிக் கேட்டார்கள் என்றால் கௌரவம்தான். மாமா தலையை ஆட்டினார். மெக்கானிக் அண்ணன் தட்டை வைத்து அடியில் இருந்த போல்ட்டைக் கழற்றினார். ஆறு மாதத்து உறவு முழுவதும் கறுப்பாகக் கெட்டியாக இறங்கியது. வெயில் பட்டபோது அதில் பொன் துகள் மாதிரி மின்னியது.

“என்னுங்க அது, தங்கமாட்ட?” என்று சின்ன மாமா கேட்டார்.

“பித்தளைங்க. உள்ள இருக்கற வளையம்” என்றார் மெக்கானிக். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மொத நாளே தெரியுமுங்க. பெரியவங்க சொல்றப்ப நான் எப்படிங்க...”

அந்த ஆளை அப்படியே தட்டில் முக்கியெடுக்க வேண்டும் போல இருந்தது. ஆனால் அவரை மட்டும் எதற்கு? வரிசையில் நானும் உண்டே.

மண்ணெண்ணெய் விட்டு அலசி, கியர் பாக்ஸுக்கு இன்ஜின் ஆயில், ஹவுசிங்குக்குத் தொண்ணூறு நம்பர் ஆயில் என்று புத்தகப்படி ஊற்றினார்கள். பெரிய மாமா மனசு நோகாமல் இருக்க, மிச்சமிருந்த அவர் டப்பாவைப் பட்டறை வண்டியின் சக்கரத்துக்கு என்று மாமா வாங்கி வைத்துக்கொண்டார். அவிநாசி ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். முதல் கியர், மூன்று, நான்கு எல்லாம் வெண்ணெய்தான். இரண்டாவது மட்டும் கொஞ்சம் முனகியது. கரைந்து போன பித்தளை எந்த எண்ணெய் ஊற்றினாலும் திரும்ப வராது.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் புடவை கட்டி, கடிதத்தைப் பையில் வைத்து, அத்தை கொடுத்த டிபன் டப்பாவை முன் சீட்டில் வைத்தேன். மாமா வாசலில் நின்றிருந்தார். காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

“கியர் சரியாயிடுச்சுங்க அம்மணி. நெம்ப சந்தோசம்” என்றார். “ஆனா பாலக்காட்டு ரோட்டுல லாரி சாஸ்தி. இந்த டயரு தாங்குமான்னு அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு, நாளைக்குப் பாத்து...”

அப்போதுதான் உறைத்தது. கியர் ஒரு நாளும் காரணமாக இருந்ததில்லை. கியர் தீர்ந்தால் டயர், டயர் தீர்ந்தால் பிரேக். இந்த வீட்டில் ‘போகாதே’ என்ற சொல்லே கிடையாது. அதற்குப் பதிலாக இன்னொருவரைக் கேட்பார்கள். அவரே அதை அறிந்து சொன்னாரா என்றால், சத்தியமாக இல்லை. அந்த முகத்தில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“கேளுங்க மாமா” என்றேன். “பெரிய மாமா என்ன சொன்னாருன்னு சாயங்காலம் வந்து தெரிஞ்சுக்கறேன். போயிட்டு வாரேனுங்க.”

முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தது. தெருமுனை திரும்பும்போது இரண்டாவது கர்ரென்றது. மெக்கானிக் அண்ணன் ஷெட்டில் இருந்து எட்டிப் பார்த்தார்.

மதுக்கரைக்குள் நுழையும்போது சிமெண்ட் தூசி படிந்து மரமெல்லாம் வெளுத்திருந்தது. மணி அடிக்கப் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது கையெழுத்துப் போட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பி காரை நிறுத்தினேன். மாமா காலையில் நின்ற அதே இடத்தில், போனை வைத்துவிட்டு வந்த முகத்தோடு காத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மனசார மலர்ந்தார்.

“அண்ணனைக் கேட்டுப்போட்டனுங்க அம்மணி. போலாமுன்னு சொல்லிட்டாருங்க.”

“போயிட்டு வந்துட்டனுங்க மாமா” என்றேன்.